கடைச் செலவில் ஒரு மீசை

1998
ஜனவரி 4: மீசை ஒதுக்கியது — 12
ஜனவரி 19: செம்புக் கம்பி, 6 கிலோ — 1,140
பிப்ரவரி 1: மீசை ஒதுக்கியது — 12
பிப்ரவரி 1: மீசை மெழுகு, ஒரு டப்பி — 28
பிப்ரவரி 9: வார்னிஷ், 5 லிட்டர் — 610
மார்ச் 1: மீசை ஒதுக்கியது — 12
மார்ச் 1: கறுப்புச் சாயம் — 35
மார்ச் 20: உரிமம் புதுப்பிக்கக் கட்டணம் — 150
ஏப்ரல் 5: மீசை ஒதுக்கியது — 12
ஏப்ரல் 17: மீசை முழுவதும் எடுத்தது — 15
மே 3: இல்லை
ஜூன் 7: இல்லை
ஜூன் 25: மீசை முழுவதும் எடுத்தது — 12

இவை மோட்டார் கட்டும் கடை ஒன்றின் செலவு நோட்டிலிருந்து எடுத்தவை. எழுதியவர் கடைக்காரரின் மனைவி. புருஷன் மீசைக்கு ஆகும் செலவை வீட்டுக் கணக்கில் எழுதாமல் கடைக் கணக்கில் ஏன் எழுதுகிறாய் என்று நாத்தனார் ஒருமுறை கேட்டதற்கு, "வீட்டுல அதுக்கு என்ன வேலை அண்ணி?" என்றார் மனைவி.

அந்த மீசை நடுவிலிருந்து பக்கத்துக்கு இரண்டே முக்கால் அங்குலம். முனைகள் மேல்நோக்கி முறுக்கியவை. தெருவில் எல்லாரும் அவரை மீசைக்காரர் என்றே அழைத்தார்கள். பால்காரர் ரசீதிலும் அதுவே பெயர். ஆனால் மீசைக்குப் பின்னால் இருந்த மனிதர், சண்டைச் சத்தம் கேட்டால் அடுத்த தெரு வழியாகப் போகிறவர். மின்சாரத்துக்கு அப்படி ஒரு பயம். மழைநாளில் சுவிட்சைக் குச்சியால் போடுவார். மோட்டார் கடை முதலாளியாக இருந்த பத்தொன்பது ஆண்டுகளில் அவர் தன் கையால் ஒரு மோட்டார்கூடக் கட்டியதில்லை.

மோட்டார் கட்டுவது என்றால் இதுதான்: எரிந்துபோன மோட்டாரின் வயிற்றிலிருக்கும் செம்புக் கம்பியை எடுத்துவிட்டு, அதே எண்ணிக்கையில் புதுக் கம்பி சுற்றி, இரும்புப் பள்ளங்களில் ஒவ்வொன்றாகச் சொருகி, நூலால் இறுக்கி, வார்னிஷில் முக்கிக் காயவைப்பது. ஒரு சுற்று தவறினால் மோட்டார் உறுமும். இரண்டு தவறினால் புகையும். அதையெல்லாம் செய்தவர் மனைவி.

அவர் அதைக் கற்றது ஒரு மோட்டார் தொழிற்சாலையில். அங்கே கம்பி சுற்றும் பிரிவில் நாற்பது பேர், நாற்பது பேரும் பெண்கள். பெண்களுக்கு விரல் மெல்லிசு, ஆகவே இது பெண்கள் வேலை என்று நிர்வாகம் சொன்னது. பெண்கள் வேலை என்பதால் மற்றப் பிரிவுகளில் மூன்று ரூபாய் கொடுத்த இடத்தில் இங்கே இரண்டு கொடுத்தது. அதே தொழிற்சாலை வாசலில், வருகிறவர்களின் அட்டையில் நேரம் பதிக்கும் வேலையில் இருந்தவர் மீசைக்காரர். பதினோரு பேர் வந்த நேர்காணலில் மேலாளர் இவரை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "இவரப் பாத்தா ஒருத்தனும் லேட்டா வரமாட்டான்" என்று சொல்லி எடுத்துக்கொண்டார். உண்மையில் தாமதமாக வந்த யாரையும் அவர் ஒரு வார்த்தை அதட்டியதில்லை. 1976-இல் ஒரு பெண் ஏழு நாள் தாமதமாக வந்தார். ஏழு நாளும் அட்டையில் நேரம் சரியாகவே பதிந்தது. மறு ஆண்டு அந்தப் பெண்ணுக்கும் அவருக்கும் கல்யாணம் ஆயிற்று.

தொழிற்சாலை 1978-இல் மூடப்பட்டது. கையில் தொழில் இருந்தது மனைவியிடம். கடை வைக்க உரிமம் வேண்டும். மனைவி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். அலுவலக எழுத்தர், மனைவியின் பெயருக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, 'ஆண் பெயர் தேவை' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். அப்போதெல்லாம் செய்முறைப் பரிசோதனை கிடையாது. படமும் கட்டணமும் போதும். மீசையோடு ஒரு படம் எடுத்துக் கொடுத்தார்கள். பதினாறு நாளில் உரிமம் வந்தது.

கடை 1979 ஜூன் 11-இல் திறந்தது. அகலம் ஒன்பதடி நாலு அங்குலம். முதல் இரண்டு வாரம் முன்மேசையில் மனைவிதான் உட்கார்ந்தார். அந்தப் பதினாலு நாளில் வந்தவர்கள் பதினேழு பேர். பதினாலு பேர் "ஐயா இல்லையா?" என்று கேட்டுப் போனார்கள். இருவர் மின்விசிறி கொடுத்தார்கள். ஒருவர் தபால் நிலையத்துக்கு வழி கேட்டார்.

பதினைந்தாம் நாள் மீசைக்காரர் மனைவிக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். தூக்குச் சட்டியோடு வாசலில் நின்றவரைப் பார்த்து ஒருவர், "மேஸ்திரி, இதக் கொஞ்சம் பாருங்க. எப்ப வரட்டும்?" என்று பம்பு மோட்டார் ஒன்றை இறக்கினார். மீசைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரும்பி மனைவியைப் பார்த்தார். மனைவி மேசையில் ஸ்பேனரால் நாலு தட்டுத் தட்டினார்.

"நாலு நாள் கழிச்சு வாங்க" என்றார் மீசைக்காரர்.

"சரிங்க மேஸ்திரி." வந்தவர் கூலிகூடக் கேட்காமல் போய்விட்டார்.

மறுநாள் கடைக்கு நடுவில் ஒரு பலகைத் தடுப்பு வந்தது. முன்னால் மீசை, பின்னால் வேலை. தட்டுகிற எண்ணிக்கைதான் நாள் கணக்கு. நாள் கேட்காத கேள்விக்கு ஒரே தட்டு என்றால் சரி, ஸ்பேனரை மேசையில் நீளமாக இழுத்தால் முடியாது என்று அர்த்தம். வெளியே நிற்கிறவர்களுக்கு அது உள்ளே வேலை நடக்கிற சத்தம். தட்டுக்காக அவர் பேசாமல் காத்திருக்கும் அந்த நொடியில், மேஸ்திரி மனசுக்குள் கணக்குப் போடுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். "அவரு அதிகம் பேச மாட்டாருப்பா. ஆனா கை பட்டா பத்து வருஷம் ஓடும்" என்று எதிர் டீக்கடைக்காரர் எல்லாரிடமும் சொல்லுவார். பட்ட கைக்கு உரியவர் தடுப்புக்குப் பின்னால் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மீசைக்கு மரியாதை மட்டும் வந்ததாக நினைத்துவிடக் கூடாது. முப்பது கிலோ மோட்டாரோடு வருகிறவர் அதை வண்டியிலேயே விட்டுவிட்டு, "என்ன மீசைக்காரரே, இதுக்கெல்லாம் ஆள் கூப்பிடணுமா?" என்பார். அவர் தூக்குவார். 1991-இல் குடல் இறங்கி அறுவை செய்துகொண்டார். பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை யாரிடம் காட்டுவது? தெருவில் வண்டி நின்றுபோனால் தள்ள அவர், சாவு வீட்டில் ஓடியாட அவர். சொந்த அம்மா இறந்த அன்றுகூட வாடகை நாற்காலிகளை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தார்; அறுபதுக்கு ஐம்பத்தெட்டுதான் வந்திருந்தது. அழுவதற்கு அவரை யாரும் உட்கார வைக்கவில்லை.

1986-இல் ஒரு லாரிக்காரரின் மோட்டார் கட்டிக் கொடுத்த மூன்றாம் நாளே புகைந்தது. கம்பியின் தடிமனை மனைவி மாற்றிப் போட்டுவிட்டார். பத்தொன்பது ஆண்டில் அவர் செய்த ஒரே பெரிய தப்பு அது. லாரிக்காரர் நேரே வந்து மீசைக்காரரின் சட்டையைப் பிடித்தார். இரண்டு பொத்தான் தெறித்தது. மனைவி தடுப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, "அவர விடுங்க. தப்பு என்னோடது" என்றார்.

லாரிக்காரர் கையை எடுத்துவிட்டார். "ஐயோ, நீங்க உள்ள போங்கம்மா. பொம்பளைங்க முன்னாடி சத்தம் போட்டது என் தப்பு" என்று மன்னிப்பும் கேட்டார். அன்று ராத்திரி பொத்தான் தைத்துக்கொண்டே மனைவி, "தப்பு பண்ணவளுக்கு மன்னிப்பு, பண்ணாதவருக்கு உதை" என்று சொல்லிச் சிரித்தார். மீசைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. கழுத்து வலித்தது.

இப்படியே போயிருக்கும். 1998-இல் விதி மாறியது. உரிமம் புதுப்பிக்க இனிமேல் செய்முறைப் பரிசோதனை உண்டு: அலுவலகப் பட்டறையில், பரிசோதகர் கண் முன்னால், ஒரே பகலில் பெரிய மோட்டார் ஒன்றைக் கட்ட வேண்டும். கடிதம் ஏப்ரல் 2-இல் வந்தது. பரிசோதனை ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. பழைய உரிமம் ஜூன் 30-உடன் முடிகிறது. அதற்குள் புதியது கைக்கு வராவிட்டால் கடையைப் பூட்ட வேண்டும்.

கடிதத்தைப் படித்த மீசைக்காரர் மீசையைத் தடவினார். அது ஒன்றும் சொல்லவில்லை.

"கத்துக்கங்க. மூணு வாரம் இருக்கு" என்றார் மனைவி.

"எனக்கா?"

"பின்ன, மீசைக்கா?"

கற்றுக்கொண்டார். முப்பத்தெட்டுச் சுற்று சுற்ற வேண்டிய இடத்தில் ஒருநாள் நாற்பத்தொன்று, ஒருநாள் முப்பத்தாறு. சொருகும்போது கம்பியின் மேல்பூச்சு உரிந்தது. சோதனை விளக்கை மாட்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றே ஒன்றில்தான் அவர் கை நின்றது: மின்சாரம் கசியாமல் பள்ளங்களுக்குள் வைக்கும் காப்புத் தாளைக் கோடு பிசகாமல் வெட்டுவார். முப்பத்தாறு துண்டும் முடி அளவு வித்தியாசமில்லாமல் இருக்கும். "இது நல்லா வருதே உங்களுக்கு" என்று மனைவி உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

ஏப்ரல் 16 மாலை வார்னிஷ் பாடம். பதம் பார்க்க முகர்ந்து பார்க்கணும் என்று மனைவி சொல்லியிருந்தார். மீசைக்காரர் வாளிமேல் குனிந்தார். எந்த மோட்டார் கட்டுகிறவரும் அவ்வளவு குனியமாட்டார். குனிந்தாலும் முக்குவதற்கு அவரிடம் ஒன்றும் இருக்காது. மீசையின் வலது பாதி உள்ளே போய் வந்தது. துடைத்தார். அது சீக்கிரம் காயும் ரகம். சாப்பிட்டு எழுந்தபோது வலது மீசை கம்பிபோல் நின்றது. தட்டினால் சத்தம் வந்தது. பத்தொன்பது ஆண்டில் அந்தக் கடையில் அவர் தன் கையால் காப்புப் போட்டு முடித்த முதல் வேலை அதுதான்.

மறுநாள் காலையில் முடிவெட்டுகிறவர் இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்தார்.

"இடது பக்கம் நல்லாத்தான் இருக்கு. வெச்சுக்கறீங்களா?"

"ஒரு பக்கம் மட்டுமா?"

"அப்ப ரெண்டும் போகணும். கத்தி கெட்டுப்போச்சு, மூணு ரூபா கூட."

கண்ணாடியில் ஒருவர் தெரிந்தார். மேல் உதடு வெளுத்து, கொஞ்சம் பயந்த முகமாக இருந்தது. ஆனால் பொய் சொல்லாத முகம் என்று மீசைக்காரருக்குப் பட்டது.

அந்த நாத்தனார், மீசைக்காரரின் அக்கா, அன்றைக்கே வந்தார். வாசலில் நின்று தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "டேய், யாருக்கு என்ன ஆச்சு? சொல்லாமக் கொள்ளாம எடுத்துட்டு நிக்கிற!"

"வார்னிஷ் பட்டுருச்சுக்கா."

"வார்னிஷ் பட்டா கதவு பளபளங்கும். நீ ஏண்டா இப்படி ஆயிட்ட?" பிறகு மனைவியிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "இந்த மூஞ்சிய நீ முன்னாடியே பாத்திருக்கியா?" என்றார்.

"இல்ல அண்ணி. இன்னிக்குத்தான் பொண்ணு பாக்குற மாதிரி பாத்துட்டு இருக்கேன்."

கடையில் நிலைமை சிரிப்பாக இல்லை. ஏப்ரலில் பதினாறாம் தேதி வரை வந்த மோட்டார் இருபத்தி மூன்று. பதினேழிலிருந்து மாத முடிவு வரை நாலு. "பெரியவர் இல்லையா தம்பி?" என்று வருகிறவர்கள் கேட்டார்கள். "நான்தாங்க" என்றால், கோபித்துக்கொள்ளாமல் சிரித்துவிட்டு, அவர் வரும்போது வருகிறோம் என்று மோட்டாரைத் திருப்பி எடுத்துப் போனார்கள். டீக்கடைக்காரர் மட்டும் எல்லாம் தெரிந்தவர்போல், "மீசக்காரரு எங்கயோ வெளியூர் போயிருக்காரு. இவரு தம்பி" என்று விளக்கம் சொன்னார்.

ஆனால் அதே நாட்களில் வேறு சிலதும் நடந்தன. மோட்டார் இறக்கவந்த ஒருவர், "நீங்க தூக்காதீங்க தம்பி, நான் பாத்துக்கறேன்" என்று தானே தூக்கி வைத்தார். நின்றுபோன வண்டியைத் தள்ள யாரும் கூப்பிடவில்லை. பேருந்தில் ஒரு கைக்குழந்தை அவர் முகத்தைப் பார்த்து அழாமல் சிரித்தது. ஒருநாள் மதியம் ரேடியோவில் ஏதோ தாலாட்டு வந்தது. அம்மா ஞாபகத்தில் கண் நிறைந்தது. எதிரே நின்ற வாடிக்கையாளர் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தார். நாற்பத்தெட்டு வயதில் அவர் மற்றவர் முன்னால் அழுதது அதுவே முதல் தடவை. பதினொரு நிமிஷம் அழுதார். நன்றாக இருந்தது.

ஏப்ரல் 24 அன்று அலுவலகத்துக்குப் போனார்கள். பரிசோதகர் கோப்பிலிருந்த படத்தையும் எதிரில் நின்ற முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்க இல்லையே."

"நான்தான் சார். மீசை மட்டும்..."

"மீச இருக்கிறவருக்குத்தான் உரிமம். நீங்க யாருன்னு நான் எப்படி எழுதுறது? வளத்துக்கிட்டு வாங்க." ஏட்டைப் புரட்டினார். "ஜூன் இருபத்தாறு. அதுக்கப்புறம் இடமில்ல."

உரிமம் முடிய நாலு நாள் முன்னால். திரும்பும் வழியில் மனைவி மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தார். "அறுபத்திமூணு நாள் இருக்கு. வளந்துரும். அதுக்குள்ள சுத்தவும் வந்துரும்."

"வராது" என்றார் மீசைக்காரர்.

"மீசையா?"

"சுத்தறது. என்னால முடியாதும்மா. உன் பேர்ல எழுது."

மறுநாள் மனைவி பெட்டியின் அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். 1979-இல் திருப்பிக் கொடுத்த விண்ணப்பம். சிவப்புப் பென்சில் கோடு மங்காமல் இருந்தது. பத்தொன்பது வருஷம் அது வீட்டில் இருந்தது மீசைக்காரருக்குத் தெரியாது.

"எழுதினேனே" என்றார் மனைவி. "எழுதலன்னு நெனச்சீங்களா?"

மே 11-இல் புது விண்ணப்பம் போனது. இப்போது பெண்கள் பெயர் செல்லும். விதி அந்த அளவு முன்னேறியிருந்தது. ஆனால் எட்டு வருஷம் வேலை செய்த சான்றை, உரிமம் வைத்திருக்கும் ஒருவர் எழுதித் தர வேண்டும். கடையில் உரிமம் வைத்திருப்பவர் ஒருவர்தான். அவர் எழுதினார்: 'இந்தக் கடையில் பத்தொன்பது ஆண்டுகளாக எல்லா மோட்டார்களையும் கட்டியவர் என் மனைவி. நான் ஒன்றுகூடக் கட்டியதில்லை.' இதைப் படித்தால் உரிமத்தைப் பறித்து, அவரையும் உள்ளே வைப்பார்கள் என்று நினைத்தார்.

எழுத்தர் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு கோப்பிலிருந்த மீசைப் படத்தை மரியாதையோடு பார்த்தார்.

"ஐயா, உங்க அடக்கம் எனக்குப் புரியுது. ஆனா படிவத்துல அடக்கத்துக்குக் கட்டம் இல்ல. 'என் மேற்பார்வையில் வேலை செய்தார்'னு எழுதுங்க."

"நான் மேற்பார்க்கலீங்க. நடுவுல தடுப்பு இருந்துச்சு."

"பாருங்க, இவ்வளவு பெரிய மனுஷன்!" என்றார் எழுத்தர் பக்கத்து மேசையிடம். மீசை முகத்தில் இல்லை. கோப்பில் பத்திரமாக இருந்தது. கடைசியில் மீசைக்காரர், எழுத்தர் சொன்னபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் மனைவி, "உண்மையச் சொன்னா நல்ல பேரு வருது உங்களுக்கு. குடுத்து வெச்சவரு" என்றார்.

ஜூன் 12 அன்று மனைவிக்குப் பரிசோதனை. பரிசோதகர் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலி போட்டார், மேசை விசிறியை அவர் பக்கம் திருப்பினார், டீ வரவழைத்தார். அன்று பரிசோதனைக்கு வந்திருந்த எட்டு ஆண்களுக்கு இதில் ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள் நின்றபடியே பெரிய மோட்டார் கட்டிக்கொண்டிருந்தார்கள். மனைவியின் மேசையில் வீட்டு மின்விசிறி ஒன்று வந்து உட்கார்ந்தது.

"மேடம் சிரமப்பட வேண்டாம். இதக் கட்டினாப் போதும்" என்றார் பரிசோதகர்.

போதாது. விசிறிக்குக் கிடைப்பது சின்ன உரிமம். அதை வைத்துக்கொண்டு பம்பு மோட்டாரைத் தொட முடியாது. கடையின் சோறு பம்பு மோட்டாரில் இருந்தது.

"எனக்கும் பெருசு குடுங்க சார்" என்றார் மனைவி.

"அது முப்பத்தெட்டு கிலோம்மா. யாரு தூக்குறது?"

"இங்க தூக்கறதுக்கா பரிச்ச? கட்டறதுக்குத்தானே?"

பரிசோதகர் சிரித்தார். மனைவிக்குப் பதில் சொல்லாமல் மீசைக்காரர் பக்கம் திரும்பினார். "வீட்டம்மா நல்லாப் பேசுறாங்க. நீங்க என்ன சார் சொல்றீங்க?"

மீசைக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவியின் விரல் மேசையில் ஒரு தட்டுத் தட்டியது.

"அவங்களுக்கும் பெருசு குடுங்க சார்" என்றார்.

"நீங்களே சொல்லிட்டீங்கன்னா சரி" என்று பரிசோதகர் உடனே ஏட்டைத் திறந்தார். மனைவி சொன்னதும் அதேதான். "ஆனா இருபத்தாறாம் தேதி ஒரே ஒரு மேசைதான் காலி. அதுலயும் உங்க பேரு இருக்கு. நீங்க வரீங்களா, அவங்க வராங்களா? அன்னிக்கிக் காலைல சொன்னாப் போதும்."

வீட்டில் பதிமூன்று நாள் அதே பேச்சு. மீசைக்காரரின் உதட்டுமேல் மீசை நன்றாகவே வளர்ந்துவிட்டது. இன்னும் முறுக்கு வரவில்லை, ஆனால் படத்தோடு ஒப்பிட்டால் யாரும் மறுக்க முடியாது. கடைக்கும் ஆட்கள் திரும்ப வரத் தொடங்கியிருந்தார்கள். "வந்துட்டீங்களா மேஸ்திரி! உங்க தம்பிக்கு ஒண்ணும் தெரியல" என்று ஒருவர் குறைகூடச் சொன்னார்.

மனைவிக்குத் தயக்கம் இருந்தது. "நீங்களே போங்க. பழைய உரிமத்தப் புதுப்பிக்கறது சுளுவு. ஒப்புக்குச் சுத்திட்டு வாங்க, பாஸ் போட்டாலும் போடுவாங்க. உங்களப் பாத்தா போடத் தோணும். எனக்கு இல்லன்னு சொல்லிட்டா முப்பதாம் தேதி கடைய மூடணும்."

"போட்டுட்டாங்கன்னா?"

"போட்டா நல்லதுதானே."

"இன்னும் பத்தொன்பது வருஷம் நான் முன்னாடி உக்காரணும்" என்றார் மீசைக்காரர்.

ஜூன் 25 சாயங்காலம் அவர் யாரிடமும் சொல்லாமல் முடிவெட்டும் கடைக்குப் போனார். திரும்பி வந்தவரைப் பார்த்து மனைவி கையிலிருந்த கம்பிச் சுருளைக் கீழே வைத்தார்.

"கேட்டுட்டு எடுத்திருக்கலாமே."

"கேட்டா வேண்டாம்னிருப்ப."

"ஆமா. வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்." நோட்டை எடுத்தார். "எவ்வளவு?"

"பன்னெண்டு. இந்தத் தடவ கத்தி கெடல."

கடைச் செலவில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் அலுவலக வாசலில் காவலாளி மனைவியை உள்ளே விட்டுவிட்டு மீசைக்காரரை நிறுத்தினார். போன தடவை, அரும்பு மீசைக்கே சலாம் வைத்தவர். "கூட வர்றவங்க வெளியில நில்லுங்க" என்றார். மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மீசைக்காரர் வேப்பமரத்தடிப் பலகையில் உட்கார்ந்தார். பைக்குள் அவர் முந்தின நாள் வெட்டிய காப்புத் தாள் மிச்சம் இருந்தது. முப்பத்தாறு மனைவியோடு உள்ளே போயிருந்தது, நாலு மட்டும் கூடுதல். பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த நாலையும் எடுத்து அளந்து பார்த்தார். பயத்தில் வேறென்ன செய்வது?

மோட்டாரை இருவர் தூக்கி வைத்தார்கள். மனைவி ஒன்பது மணிக்குத் தொடங்கி, சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம் நிறுத்தி, ஐந்து நாற்பதுக்கு முடித்தார். சுற்று முப்பத்தெட்டு, எல்லாப் பள்ளத்திலும் முப்பத்தெட்டு. இணைப்புக் கொடுத்தபோது மோட்டார் ஓடுகிறதா என்று பரிசோதகர் கைவைத்துத்தான் தெரிந்துகொண்டார், அவ்வளவு அமைதி. மற்ற மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பரிசோதகர் வெளியே வந்து மரத்தடியில் இருந்த மீசைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார், எத்தனையோ பேரப் பாத்திருக்கேன். இப்படி ஒரு பயிற்சி! எப்படி சார் சொல்லிக் குடுத்தீங்க?"

"நான் சொல்லிக் குடுக்கல சார். எனக்குக் கரண்டுன்னாலே பயம்."

பரிசோதகர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "சிரிக்கவும் வெக்கிறீங்க!" என்றார். கைப்பையை மனைவியிடம் கொடுத்துவிட்டு மீசைக்காரர் அதற்குமேல் முயற்சி செய்யவில்லை.

ஜூன் 30 முடிந்தது, உரிமம் வரவில்லை. ஜூலை 1 முதல் கடை பூட்டு. ஜூலை 8 ஒரு கடிதம் வந்தது: மனைவி பெயரில் உரிமம் தருவதில் கணவருக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டிருந்தார்கள். மீசைக்காரர் பேனாவை எடுத்ததும் மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தார். "இந்தத் தடவ உண்மையெல்லாம் வேணாம். 'இல்லை'ன்னு மட்டும் எழுதுங்க. இன்னொருக்கா அடக்கம் காட்டினீங்கன்னா உங்களுக்கு ஏதாவது விருது குடுத்துருவாங்க."

'இல்லை' என்று எழுதினார்.

பூட்டிய கடைக்குள் அந்த நாட்களில் தடுப்புப் பலகையை இருவரும் கழற்றினார்கள். பலகையில் நல்ல மரம் இருந்தது. மீசைக்காரர் அதை வீணாக்காமல் அறுத்து வைத்துக்கொண்டார்.

கடை பூட்டி இருபது நாள் கழித்து உரிமம் வந்தது: பெரிய உரிமம், மனைவி பெயர், மனைவியின் படம். கடைசி வரியில் மட்டும் ஒரு குறிப்பு: 'கணவரிடம் பத்தொன்பது ஆண்டுகள் பயிற்சி பெற்றவர்.'

மனைவி அதை இரண்டு தடவை படித்தார்.

"திருப்பி அனுப்பலாமா?" என்றார் மீசைக்காரர்.

"அனுப்புங்க. சரி பண்ணி வர இன்னும் பத்தொன்பது வருஷம் ஆகும்."

மீசைக்காரர் அளவுகோலை எடுத்தார். தாளின் அடி விளிம்பிலிருந்து குறிப்பு வரியின் தலைவரை ஒன்றேகால் அங்குலம். தடுப்புப் பலகையிலிருந்து நாலு சட்டம் அறுத்தார். மேலும் பக்கங்களிலும் முக்கால் அங்குலம், அடியில் மட்டும் ஒன்றரை. மூலைகள் இம்மி பிசகாமல் பொருந்தின. கண்ணாடி போட்டு ஆணி அடித்தார். அடிச்சட்டத்துக்கு மேல் மனைவியின் பெயர் இருந்தது, படம் இருந்தது, முத்திரை இருந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

மனைவி தள்ளி நின்று பார்த்தார். முன்மேசையில் ஸ்பேனரால் ஒரே ஒரு தட்டு. மீசைக்காரர் சட்டத்தைத் திருப்பி, பின்பலகையில் பென்சிலால் உரிமம் வந்த தேதியை எழுதி மாட்டினார்: 1998 ஜூலை 21.